செங்கமலம் புதைத்த கருவாடு

"கருவாட்டை எங்கடி வச்சே?"

"அடுப்புல கொதிக்குது. ஏன், அதுக்குள்ள பசியா?"

"குடியைக் கெடுத்தியே! இன்னிக்குத்தானா ஒனக்குக் கருவாட்டுக் கொழம்பு கேட்டுச்சு?"

குழந்தைசாமி சித்தன்னவாசல் மலைக்குக் காவல்காரன். வடநாட்டுச் சமணப் பெரியவர் ஒருவர் இன்று குகைக்கோயில் பார்க்க வருகிறார், அவர் மனம் கோணினால் உனக்கு வேலை இல்லை என்று தாலுகா கச்சேரியிலிருந்து காகிதம் வந்திருந்தது. அவர்கள் எறும்பைக்கூட மிதிக்கமாட்டார்கள், பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டார்கள் என்று வாத்தியார் வேறு சொல்லிவைத்திருந்தார். மூன்று பிள்ளைகுட்டிக்காரன் இந்த வேலையை விட்டால் எங்கே போவான்?

அவன் பெண்டாட்டி செங்கமலம் குழம்பைக் குப்பைமேட்டில் கொட்டினாள். மிச்சமிருந்த வாளைக் கருவாட்டை வேப்பமரத்தடியில் புதைத்தாள். குழம்பு வாடைக்கு ஊர் நாய்கள் அத்தனையும் வந்து சேர்ந்தன. குழந்தைசாமி கல்லை எடுத்தான். "ஐயையோ, இதுவும் உசிருதானே!" என்று கீழே போட்டான்.

வாடையை அமுக்கக் கூடை நிறையச் சாம்பிராணி போட்டான். புகையைப் பார்த்து, வீடு பற்றிக்கொண்டதென்று குடத்தோடு ஓடிவந்த புண்ணியவான்கள் சாம்பிராணியோடு அவனையும் சேர்த்து அணைத்தார்கள். அவன் சொட்டச் சொட்ட நிற்கும்போதுதான் பஸ் வந்து, தலைப்பாகையும் தோல்பையுமாக ஒரு சேட்டு இறங்கினார்.

சேட்டுக்குத் தமிழ் தெரியாது. குழந்தைசாமிக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. சேட்டு மூக்கை உறிஞ்சினார், முகம் மலர்ந்தது. பிறகு கையை நெளித்து நெளித்து மீன் நீந்துவதுபோல் காட்டினார்.

"புரிஞ்சுபோச்சுங்க! தாமரைக் குளத்துச் சித்திரம்தானே? வாங்க!"

விளக்குமாற்றால் எறும்புகளை ஒதுக்கிக்கொண்டே முன்னால் நடந்தான். ஓரிடத்தில் எறும்பு ஊர்வலம் கடந்து முடியும்வரை சேட்டை மொட்டை வெயிலில் கால்மணி நேரம் நிறுத்திவைத்தான்.

குகையின் மேற்கூரையில் தாமரைக் குளம். அதில் யானை, அன்னம், மீன். மீனைக் கண்டதும் சேட்டு துள்ளினார். அதைச் சுட்டிக்காட்டி, தரையில் எதையோ பரப்புவதுபோல் கையை வீசி, வெளியே சூரியனையும் காட்டினார்.

"பொழுது சாயறதுக்குள்ள சாப்பாடு ரெடியாயிரும், கவலைப்படாதீங்க."

அடுத்து கல் படுக்கைகளுக்குக் கூட்டிப்போனான். "இதுலதாங்க ஒங்க முனிவருங்க அன்னந்தண்ணி இல்லாமப் படுத்து உசிர விட்டது" என்று ஒன்றில் படுத்து, கண்ணைச் செருகி நாக்கைத் தள்ளிக் காட்டினான். பக்கத்துப் படுக்கையைத் தட்டி, "வாங்க" என்றான்.

சேட்டு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மடமடவென்று மலையிறங்கிவிட்டார்.

பின்னாலேயே ஓடிய குழந்தைசாமி, கையைக் காலைப் பிடித்து அவரை வீட்டில் உட்காரவைத்தான். எது ஆகும் எது ஆகாது என்று தெரியாமல் செங்கமலம் வெறும் கஞ்சியை வைத்தாள். சேட்டு அதைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருக்கையில் ஒரு நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. வாயிலிருந்த வாளைக் கருவாட்டை அவர் காலடியில் போட்டது.

"தெரியாம நடந்துபோச்சுங்க! எம் பொழப்புல மண்ணைப் போட்றாதீங்க!" என்று குழந்தைசாமி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

சேட்டு கருவாட்டை எடுத்தார். மண்ணைத் தட்டினார், மோந்து பார்த்தார், நகத்தால் அழுத்திப் பார்த்தார். அன்றைக்கு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். தோல்பையைத் திறந்து கவிழ்த்தார். நெத்திலி, சுறா, வாளை என்று கட்டுக்கட்டாக மாதிரிக் கருவாடு!

"அடி ஆத்தீ! இவரு கருவாட்டு யாவாரிடீ!" குழந்தைசாமி எழுந்து குதித்தான். "எவனும் புகார் சொல்லமாட்டான். எம் வேலை போகலைடீ!"

சேட்டை இறக்கிவிட்டுப் போய், சாயங்கால பஸ்ஸோடு திரும்பி வந்த கண்டக்டர் வீரய்யா, கொட்டிக் கிடந்த கருவாட்டைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"காலையில ஸ்டாண்டுல ரெண்டு சேட்டு நின்னாங்க. ஒருத்தரு மலைக்கு, ஒருத்தரு கட்டுமாவடிக் கடற்கரைக்குன்னு பஸ் ஏசண்டு சொன்னாரு. நான்தான் ஆளுக்கொரு பஸ்ஸுல ஏத்திவிட்டேன்." வீரய்யா தலையைச் சொறிந்தார். "அப்ப, கட்டுமாவடிக் கருவாட்டுக் கொட்டகைக்குள்ளயே கொண்டுபோய் விடுங்கன்னு நான் அனுப்பி வச்சேனே, அவரு யாருங்க?"