காவலரணில் ஒரு கனடாப் போன்

"கோடு வந்திட்டுதே?" கீழேயிருந்து கமலாதேவி கத்தினாள்.

"ஒரு கோடும் இல்லை!" என்றாள் பூரணி.

அவள் நின்றது வீட்டுத் தண்ணீர்த் தாங்கியின் மேல். ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கனடாவிலிருந்து வந்த கைப்போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். கப்பல்துறையில் அதைவிட உயரமான இடம் என்றால் கடற்படையின் காவல் கோபுரம்தான். அதில் ஏற யார் விடுவார்கள்?

போனை அனுப்பியது அவள் கணவன் குணரத்தினம். சமாதான காலத்தில் கனடாவுக்குப் போனவன், ஐந்து வருடமாக அங்கே விசாவுக்காக வழக்காடிக்கொண்டிருக்கிறான். அந்த வழக்கு முடியும்வரை அவனும் வர முடியாது, இவளும் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டுக் கமலாதேவியின் போனுக்குக் கோல் எடுப்பான். வயர் இல்லாமல், ஏரியல் வைத்துக் கதைக்கும் வீட்டுப் போன் அது. அதைச் சுற்றி எப்போதும் ஏழெட்டுப் பேர் குந்தியிருப்பார்கள்.

"சாப்பிட்டியோ?"

"ஓம்."

"சுகமோ?"

"ஓம்."

ஐந்து வருடக் குடும்ப வாழ்க்கை இந்த இரண்டு "ஓம்"களுக்குள் நடந்து முடிந்திருந்தது. ஊர்க்காது இல்லாமல், ஒரேயொரு தடவை அவன் குரலைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று பூரணி ஏங்கினாள். வேறொன்றும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

அது அவனுக்கும் விளங்கியிருக்க வேண்டும். இரண்டு கிழமைக்கு முதல், "உனக்கெண்டு ஒரு போன் அனுப்பியிருக்கிறன். அதுக்குள்ள..." என்று தொடங்கினான். லைன் அறுந்தது. அன்றோடு மாவட்டத்துக்கே வெளிநாட்டுக் கோல் நின்றுவிட்டது. சண்டை நாட்களில் அது வழக்கம்தான். எப்போது திரும்ப வரும் என்று போய்க் கேட்க ஓர் ஆளும் கிடையாது.

"அதுக்குள்ள சிம் போட வேணும் எண்டு சொல்ல வந்திருப்பார்," என்று தீர்ப்புச் சொன்னவள் கமலாதேவி. "கண்ட பொத்தானையும் அமத்திப்போடாதை. பூட்டுப்பட்டுப் போகும். மேல கோடு வருதோ எண்டு மட்டும் பார்."

வீட்டில் போன் வைத்திருந்ததால் ஒழுங்கைக்கே அவள்தான் நிபுணி. தாங்கியில் ஏறச் சொன்னதும் அவள்தான்.

"அம்மா! கீழ வா! கையில சாமான் என்ன?"

வேலிக்கு வெளியே துவக்கோடு ஒருவர் நின்றார். ஒழுங்கை திரும்பும் முடக்கிலுள்ள காவலரணில் நிற்கும் கடற்படைக்காரர் பண்டார. நாற்பது வயதிருக்கும். பெண்சாதி பிள்ளைகள் குருநாகலில். அவருக்குத் தெரிந்த தமிழ் பத்துச் சொல். அதில் ஆறு கேள்வி.

"போன் சேர்," என்றாள் பூரணி, இறங்கிக்கொண்டே.

"யாரோட பேசு?"

"ஒருத்தரோடயும் பேசாது சேர். அதுதானே பிரச்சினை!"

"மாத்தையா எங்க?" என்று அவள் கணவனை விசாரித்தார்.

"அவர் கனடாவில."

பண்டார அவளைக் காவலரணுக்குக் கூட்டிப் போனார். பேசாத போனை எதற்காகத் தாங்கியில் ஏறி வானத்துக்குக் காட்ட வேண்டும் என்பது பண்டாரவின் மேலதிகாரிக்குப் பிடிபடவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். போன் வேலை செய்து, அது என்ன ஏது என்று தெரியும்வரை சார்ஜரோடு காவலரணில் இருக்க வேண்டும். திருத்த எடுத்துப் போவதென்றால் காலையில் கையெழுத்து வைத்து எடுத்து, பின்னேரம் திருப்பிக் கொடுக்க வேண்டும். இப்படியாகக் கோடு வராத போன் வீட்டிலும் இல்லாமல் போனது.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு டவுனுக்கு, ஆதம்பாவா காக்காவின் போன் கடைக்குப் போனாள். ஆதம்பாவா பின்மூடியைக் கழற்றினார். பற்றரியைக் கழற்றினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூட்டைப்பூச்சி தேடுகிற மாதிரி மூலை மூலையாகத் தேடினார்.

"புள்ள, இதுல சிம் போட ஓட்டையே இல்லையே!"

"அப்ப எப்பிடிக் கதைக்கிறது காக்கா?"

"நம்மட கைப்போனெல்லாம் சிம்முல ஓடும். இது வேற இனம். சிடிஎம்ஏ. நம்பரைப் போனுக்குள்ளயே எழுதியிருப்பானுகள். அந்த நாட்டுக் கம்பனியிட டவர்தான் இதுக்குத் தெரியும். நம்மட டவர் கூப்பிட்டா திரும்பியும் பாக்காது."

பின்னேரம் போனைத் திருப்பிக் கொடுத்தபோது பண்டார அவள் முகத்தைப் பார்த்தார். "என்னம்மா, முகம் வாடிப்போச்சு?"

இந்தச் சொல் இவருக்கு எப்போது வந்தது என்று பூரணிக்கு ஆச்சரியமாக இருந்தது. ஊராரிடம் பொறுக்கியிருப்பார் என்று விட்டுவிட்டாள்.

சிடிஎம்ஏ என்ற சொல்லைக் கேட்டதும் கமலாதேவி துள்ளி எழும்பினாள்.

"அடியேய், எங்கட வீட்டுப் போனும் சிடிஎம்ஏதான்! ஏரியல் வைச்ச போனெல்லாம் அதுதானே! ரெண்டும் ஒரே குடும்பம். என்ர நம்பரை உன்ர போனுக்கு மாத்திக் கதைச்சுப்போட்டு, பிறகு திருப்பி மாத்துவம்."

சேலை மாற்றிக் கட்டுவது போல அவள் அதைச் சொன்னாள். வியாழக்கிழமை இருவரும் வீட்டுப் போனைத் துவாயில் சுற்றிக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். ஆதம்பாவா வேண்டாம் என்றுதான் சொன்னார். கமலாதேவி வேண்டும் என்றாள். கமலாதேவியோடு கதைத்து வென்றவர் யாருமில்லை.

கம்பியூட்டரில் இரண்டு வயர்களைக் கொழுவி, ஆதம்பாவா ஒரு மணித்தியாலம் வியர்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பழசு நம்பரை மறந்துட்டு. புதுசு படிக்க மாட்டேங்குது."

"அப்ப என்ர போன்?" என்றாள் கமலாதேவி.

"மையத்து."

பஸ்ஸில் கமலாதேவி செத்த போனைத் துவாயால் முகம் மூடி மடியில் கிடத்தியிருந்தாள். அதைப் பார்க்கப் பூரணிக்குப் பயமாக இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் வேறு. அந்த இரண்டு "ஓம்"களுக்கும் இருந்த ஒரே வழியும் அடைபட்டுவிட்டது.

காவலரணில் பண்டார போனை வாங்கும்போது தலையை ஆட்டிக்கொண்டார்.

"கண்டறியாத வெயில் அம்மா. குடையை மறந்து போகாதேங்கோ. உங்களுக்குத் தலையிடி வந்தா மூண்டு நாளைக்கு நிக்காது."

பூரணி அப்படியே நின்றுவிட்டாள். "கண்டறியாத" என்பது குணரத்தினத்தின் சொல். ஆறிய தேத்தண்ணி, பிந்துகிற பஸ், விசா வழக்கு எல்லாமே அவனுக்குக் கண்டறியாதவைதான். அவளைக் குடை பிடிக்கச் சொல்லி அவனைத் தவிர யாரும் நச்சரித்ததில்லை. தன் தலையிடி மூன்று நாள் நீடிக்கிற கதையைக் கடற்படை எப்படி விசாரித்து அறிந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. விசாரிக்கவும் துணிவில்லை. ஒழுங்கை முழுக்க அழுதுகொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டு லைன் திரும்ப வந்தது. அடுத்த ஒழுங்கை வீடுகளில் போன் அடிக்கிற சத்தம் கேட்டது. யார் யாரோ சிரித்தார்கள், அழுதார்கள். கமலாதேவி வீட்டில் மட்டும் அந்த வெள்ளைப் போன் ஏரியலை நீட்டிக்கொண்டு சும்மா கிடந்தது. அங்கே, அந்தக் குளிரில், தனக்குத் தெரிந்த அந்த ஒரே நம்பரை அவன் எத்தனை தரம் அழுத்தியிருப்பான் என்று நினைக்க நினைக்கப் பூரணிக்குச் சோறு இறங்கவில்லை.

ஆதம்பாவா ஏற்கனவே ஒரு வழி சொல்லியிருந்தார். "அந்தப் போனத் தாங்க, புள்ள. கழட்டிச் சாமானுக்கு வெச்சிக்கிறன். சிம் போட்ட பழசு ஒண்டு தாறன்." அவன் கையால் தொட்டு அனுப்பியதைக் கொடுக்க அவளுக்கு மனமில்லைதான். ஆனால் ஊமைப் போனை வைத்து என்ன செய்வது? அவன் குரல்தான் வேண்டும்.

திங்கள் காலை காவலரணுக்குப் போனாள்.

"கையெழுத்து இண்டையோட கடைசி சேர். இதைக் கடையில குடுத்துப்போட்டு வேற போன் எடுக்கப் போறன். இது இஞ்ச ஒருநாளும் டவர் பிடிக்காதாம்."

பண்டாரவின் முகம் விழுந்துவிட்டது. அவர் போனை நீட்டவில்லை.

"குடுக்க வேண்டாம் அம்மா."

"ஏன் சேர்?"

அவர் வெட்கத்தோடு சுற்றிவரப் பார்த்தார். பிறகு போனின் பக்கத்திலிருந்த ஒரு சின்னப் பொத்தானில் பெருவிரலை வைத்தார்.

"டவர் எதுக்கு அம்மா? இதை அமத்தினா மாத்தையா உங்களோட கதைப்பார். தன்ர குரலில நாற்பது கதை உள்ளுக்க பதிஞ்சு வைச்சிருக்கிறார். எனக்குத் தமிழ் படிப்பிச்சதே அவர்தானே!"