வரிசையான அலங்கோலம்

இந்தத் தடவை நானாகக் கூப்பிடவே மாட்டேன் என்று சபதம் போட்டார் கிடங்குக்காரர்.

உதிரிபாகக் கிடங்கில் வேலை. ஆணிக்கு ஒரு பெட்டி, திருகுக்கு ஒரு பெட்டி என்று வாழ்கிற மனுஷன். மனைவியோ வீட்டிலேயே துணி தைக்கிறவள். நாற்காலியில் ஊசி, சோபாவில் சட்டையில்லாத கை, டீயில் நூல். மேனேஜர் வாயிலிருந்து பொறுக்கிய ஒரு வார்த்தையைத் தினமும் அவள்மேல் எறிவார்.

"வீடா இது? கேயாஸ்!"

"அப்படின்னா?"

"அலங்கோலம்."

ஒருநாள் அவள் மிஷின், துணி, நூல் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினாள். தரையைப் பளபளவென்று துடைத்தாள். அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். நீங்களாகக் கூப்பிட்டால்தான் வருவேன் என்றும் சொல்லிவிட்டாள்.

முதல் நாள் ராஜா மாதிரி கால் நீட்டினார். குத்த ஊசி இல்லை. அப்புறம்தான் வினை. வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. நகர்த்த ஆள் இல்லை. இருமினால் சுவர் திருப்பி இருமியது. ஃபிரிட்ஜ் உறுமினால் "என்ன?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால், பதிலுக்குக் காத்தும் இருந்தார்.

கூப்பிடலாம்தான். சபதம் என்ன ஆவது?

திட்டம் போட்டார். தையற்கடையில் ஒரு மூட்டை வெட்டுத்துணி வாங்கிவந்து கூடம் முழுக்கப் பரப்பினார். படம் எடுத்து, கைதவறிப் போனதுபோல அவளுக்கு அனுப்பினார். வீடு கிடக்கிற கோலத்தைப் பார்த்துப் பதறிக்கொண்டு ஓடிவருவாள் பார்!

ஃபோன் அடித்தது.

"என்னங்க, வேற தையல்காரி யாரையாவது குடி வச்சிருக்கீங்களா?"

"சேச்சே! இது நீ போட்டுட்டுப் போனது."

"நானா? பச்சை ஒரு பக்கம், மஞ்ச ஒரு பக்கம், நடுவுல நடக்கப் பாதை. அலங்கோலத்தைக்கூட அடுக்கி வைக்க உங்களாலதாங்க முடியும்."

அவர் அவசரமாகப் பாதையின் நடுவே ஒரு துணியைக் காலால் தள்ளினார்.

"அந்த கேயாஸ்ங்கற வார்த்தைக்கு அர்த்தம் பாத்தீங்களா? அக்கா பொண்ணு பாத்துச் சொன்னா. கிரேக்கத்துலேர்ந்து வந்ததாம். ஆதியில அலங்கோலம்னு அர்த்தமே இல்லையாம். வாயைப் பொளந்த பள்ளம். ஒண்ணுமே இல்லாத பாழ். நான் இருந்தப்ப வீட்டுல அது இல்லைங்க. ஆசைப்பட்டுக் கேக்குறீங்களேன்னு குடுத்துட்டு வந்தேன். எப்படி இருக்கு?"

அவர் கூடத்தைப் பார்த்தார். அத்தனை துணி கிடந்தும் வீடு வாயைப் பிளந்துகொண்டுதான் இருந்தது.

"வந்துடேன்" என்றார்.



"ஞாயித்துக்கிழமை வர்றேன். மொதல்ல அந்தத் துணியை நல்லாக் கலைங்க. வரிசை தெரியக் கூடாது. நான் வர்ற வரைக்கும் அப்படியே கெடக்கணும். ஒண்ணை மடிச்சு வச்சிருந்தாலும் வந்த வண்டியிலேயே திரும்பிடுவேன்."

கலைத்தார். பச்சைக்குள் மஞ்சளைத் திணித்தபோது கண்ணை மூடிக்கொண்டார்.

ஞாயிறு வரை, துணி பறந்து எங்கேயாவது வரிசையாக விழுந்துவிடுமோ என்று, ஃபேன்கூடப் போடாமல் வேர்த்து வழிய அந்த அலங்கோலத்துக்குக் காவல் இருந்தார் கிடங்குக்காரர்.