அவள் கையில் ஒரு சதமும் விழாது

முத்துலிங்கம் வாங்கி அனுப்பிய சப்பாத்து மகள் ஆரணியின் காலில் ஏறவில்லை. பிழை காலில்தான் என்று அவர் வாதாடினார்.

மனைவி அருள்நாயகி பிள்ளையோடு பிரிந்து கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தாள். மாதாமாதம் பிள்ளைக்கான தாபரிப்புப் பணத்தை அவள் கையில் கொடுக்க வேண்டும் என்பது நீதவானின் கட்டளை. வெள்ளவத்தையில் தனித்திருந்த முத்துலிங்கத்துக்கு அந்தக் 'கையில்' என்ற சொல்தான் தொண்டையில் சிக்கியது.

"பிள்ளைக்கு என்னவும் செய்வன். அவளின்ர கையில ஒரு சதமும் விழாது," என்று தான் வேலைசெய்த கந்தோர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

பாடசாலை வான்காரருக்கு நேரடியாகக் காசு கட்டினார். அருள்நாயகி ஏற்கெனவே கட்டியிருந்தாள். வான்காரர் மனம் கோணாமல் இரண்டையும் வாங்கிக்கொண்டு, ஆரணிக்கு ஜன்னலோரத்தில் இடம் கொடுத்தார். அடுத்து முத்துலிங்கம் ஒரு படிப்பு மேசை அனுப்பினார். அது அவர்கள் இருந்த தொடர்மாடியின் படிவளைவில் இறுகி நின்றது. மேல்வீட்டார் கீழே வரமுடியாமல் கத்த, தச்சரைக் கூட்டிவந்து அறுத்தெடுத்தார்கள். தச்சரின் கூலியையும் முத்துலிங்கம் தாபரிப்பில் சேர்த்துக்கொண்டார்.

கடைசியில், நிலுவைக்காக நீதிமன்றம் அவரைக் கூப்பிட்டது.

அவருடைய சட்டத்தரணி லுத்பியா பொறுமையாக விளக்கினார். "நீங்க உங்க விருப்பத்துக்குக் குடுத்ததெல்லாம் அன்பளிப்பு, சேர். தாய் ஒத்துக்கிட்டது மட்டும்தான் கணக்குல கழியும். மிச்சத்தைக் கட்டாட்டி உள்ளுக்குப் போகணும்."

அருள்நாயகி ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: ஆரணிக்காக அவர் பணம் கட்டிவந்த கராத்தே வகுப்பு. தற்காப்பு மிகவும் அவசியம் என்று அவளே எழுதிக் கொடுத்திருந்தாள்.

முத்துலிங்கத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கிழமைக்கு ஒரு வகுப்பை நான்காக்கினார். சீருடை, போட்டிக் கட்டணம், நுவரெலியாவில் பயிற்சி முகாம் என்று தாபரிப்பு முழுவதையும் கராத்தேக்குள் திணித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரணியைக் காணும்போது விசாரிப்பார். வகுப்பு நல்லாய்ப் போகிறது என்று அவளும் சொல்வாள்.

வழக்கு தவணை தவணையாக இழுபட்டது. ஒருவழியாக விசாரணைக்கு வந்த நாளில், சப்பாத்தையும் வானையும் மேசையையும் நீதவான் ஒரே மூச்சில் தள்ளிவிட்டார். முத்துலிங்கம் அசையவில்லை. கராத்தே ஆசிரியை கொன்ஸ்ரன்ஸைச் சாட்சிக்கு அழைத்தவரே அவர்தான்.

பணம் ஒழுங்காக வந்ததா என்று நீதவான் கேட்டார். ஒரு மாதமும் பிந்தவில்லை என்றார் கொன்ஸ்ரன்ஸ். முத்துலிங்கம் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு அருள்நாயகியைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை எந்த அளவுக்குத் தேறியிருக்கிறாள் என்று நீதவான் அடுத்துக் கேட்டார்.

கொன்ஸ்ரன்ஸ் அருள்நாயகியை ஒருதரம் பார்த்தார்.

"பிள்ளை முதல் கிழமையே பயந்து வாறதை நிப்பாட்டிட்டா, ஐயா. அந்தக் காசுக்கு வந்து பழகுறது அம்மா. இப்ப இடுப்பில பழுப்புப் பட்டி."