அறிவித்தல் பலகையில் என் குசினி

போன கிழமை ஒரு சின்ன வேலையாகக் கண்டி டவுனுக்குப் போனேன். கட்டுகஸ்தோட்டையில எங்க ஒழுங்கையை அகலமாக்கப் போறாங்களாம். அதுல ரோட்டோரமா நிக்கிற என் குசினி, அதான் சமையலறை, போகுதா, நிக்குதான்னு பிளானைப் பார்த்துட்டு வரணும். அவ்வளவுதான்.

முதல்ல வீட்டுக்காரர்தான் தடுத்தார். "எல்லாத் தகவலும் இப்ப போன்லயே இருக்காம். ஏன் பஸ்ஸுக்குக் காசு குடுக்கிற?"

போனை அமுக்கினோம். 'தமிழ்'னு இருந்த இடத்தைத் தொட்டா சிங்களம் வந்துச்சு. சிங்களத்தைத் தொட்டா இங்கிலீஷ் வந்துச்சு. இங்கிலீஷைத் தொட்டா ஒண்ணுமே வரல. எல்லா மொழிக்கும் சம உரிமை!

பஸ் ஏறிட்டேன்.

ரோட்டுக் கந்தோர்ல, ஆபீஸ் கவுண்டர்ல ஒரு மிஸ். வகுப்புல தமிழ் படிச்ச சிங்களப் பிள்ளை. வாயைத் திறந்தா அரசாங்க கெசட் வாசிக்கிற மாதிரியே இருக்கும்.

"மிஸ், எங்க ரோட்டு பிளானைப் பார்க்கணும்."

"அம்மணி, அது பகிரங்க ஆவணம். எவரும் பார்வையிடலாம். அறிவித்தல் பலகையில் காட்சிப்படுத்தப்பட்டுள்ளது."

அம்மணி! இந்த வயசு வரைக்கும் ஒருத்தரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல. ராணி மாதிரி நடந்து பலகைக்குப் போனேன்.

பிளான் இருந்துச்சு. பாலம் தெரியுது. கோயில் தெரியுது. பள்ளிவாசல் தெரியுது. எங்க ஒழுங்கை இருக்கிற இடத்துல மட்டும் ஒரு பெரிய நோட்டீஸ்: 'தகவல் அறிவது உங்கள் உரிமை.'

"மிஸ், என் உரிமை என் குசினியை மறைக்குது. கொஞ்சம் எடுத்து விடுங்களேன்."

"இயலாது அம்மணி. அதனைக் காட்சிப்படுத்த வேண்டுமென்பது சட்டம்."

"அப்ப பிளானு?"

"அதுவும் சட்டம்."

சட்டத்துக்கு மேல சட்டத்தை ஒட்டி வச்சிருக்காங்க!

மிஸ் தேத்தண்ணி குடிக்கத் திரும்பினாங்க. ஒரு மூலையை மட்டும் நைசாத் தூக்கிப் பார்ப்போமேன்னு நகத்தால சுரண்டினேன். புத்தி கெட்டவ! கோதுமை மாப் பசை. நோட்டீஸ் கையோட வந்துச்சு. கூடவே எங்க ஒழுங்கையும் பிளானிலிருந்து பிய்ஞ்சு வந்துச்சு.

"ஐயோ அம்மே! மொகத களே?" என்ன செஞ்சீங்கன்னு கத்துறாங்க. கெசட் தமிழ் பறந்துருச்சு.

மிஸ்ஸோட மேலதிகாரி, பெரிய சேர், ஓடி வந்தார். ஓட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பொலிசுக்கா சேர்?" பிய்ஞ்ச துண்டைத் திரும்ப ஒட்டப் பார்க்கிறேன்.

சேர் பெருமூச்சு விட்டார். "பிளான்ல காட்டாத ஒழுங்கையில கை வைக்க ஏலாது அம்மே. திரும்ப வரையணும், கெசட் போடணும், ஆட்சேபணை கேக்கணும்."

"அதுக்கு எவ்வளவு காலம் போகும் சேர்?"

"அந்தத் தகவல் எங்ககிட்ட இல்ல."

இந்த நாட்டுச் சட்டத்துல எனக்கு இப்ப முழு நம்பிக்கை. முக்கியமா, அதை ஒட்டுற பசையில.