இன்னும் எத்தனை குளிர்காலம்?

டாஃபின், மனிடோபா
அக்டோபர் 14

அன்பிற்குரிய தம்பி தராஸுக்கு,

அண்ணன் நெஸ்டர் விக்டோரியா நகர் நோக்கி எழுதுவது. என் இடது முழங்காலைத் தவிர இங்கே அனைவரும் சுகம். உன் சுகத்தைத் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை. பிப்ரவரியில் நாங்கள் பனி வாரிக்கொண்டிருக்கும்போது தோட்டத்துப் பூவை எண்ணிப் படம் அனுப்புகிறவனுக்கு என்ன குறை இருந்துவிடப்போகிறது! உன் மாடியில் காலியாகும் ஃபிளாட்டுக்கு நானும் உன் அண்ணியும் வருகிறோமா இல்லையா என்று ஒரே வரியில் பதில் கேட்டிருந்தாய். அந்த ஒரு வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் ஃபர்னஸ் சமாசாரத்தைச் சொல்லியாக வேண்டும்.

நிலவறையில் உட்கார்ந்தபடி முப்பத்தெட்டு வருஷமாக இந்த வீட்டுக்கு அனல் அனுப்பிய எங்கள் கிழட்டு ஃபர்னஸ் உனக்கு நினைவிருக்கும். போன ஜனவரியில் அது படுத்துவிட்டது. ஒட்டுப்போட்டு எப்படியோ பனி உருகும்வரை ஓட்டினோம். பழுதுபார்த்த ஆள் அதன் தோளில் தட்டிக்கொடுத்து, "இன்னொரு குளிருக்கு இது தாங்காதுங்க" என்றார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: அது தின்ற கேஸில் நூற்றுக்கு அறுபது பங்கு சூடுதான் வீட்டுக்குள் வந்ததாம், மிச்ச நாற்பதும் புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போயிற்றாம். அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. முப்பத்தெட்டு வருஷம் டாஃபின் ஊரின் வானத்தை நான் கைக்காசு போட்டுச் சூடாக்கியிருக்கிறேன். தெற்கே போகிற வாத்துகள் எங்கள் கூரைக்கு மேல் வந்ததும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவது எதற்கு என்று இத்தனை நாள் தெரியாமல் இருந்தேன் பார்.

புது ஃபர்னஸ் வாங்குமுன் வீட்டை அளக்க வேண்டும் என்றார்கள். அளக்க வந்தவர் மரிசெல் என்ற அம்மாள். மணிலாவில் பிறந்தவர், இருபது வருஷமாக இந்தக் குளிரைத் திட்டிக்கொண்டே இந்த ஊரிலேயே இருப்பவர். வாசற்கதவில் துணியைக் கட்டி, அதில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுத்தார். வெளியே போன காற்றை ஈடுகட்ட, வெளிக்காற்று எந்தெந்த ஓட்டை வழியாக வருகிறது என்று பார்ப்பார்களாம். தம்பி, அந்த நேரத்தை நீ பார்த்திருக்க வேண்டும். திரைச்சீலைகள் தானாக மூச்சுவிட்டன. பூட்டிய அலமாரிக்குள் ஏதோ காகிதம் படபடத்தது. மரிசெல் கையில் ஊதுவத்தி மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடக்க, அந்தப் புகைநூல் சோபாவைத் தாண்டி, மாடிப்படியடியில் கொஞ்சம் தயங்கி, யாரையோ தேடிப் போவது போலச் சமையலறைப் பக்கம் மிதந்து போயிற்று. நான் என்னை மறந்து அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன்.

அன்று புதன்கிழமை. அங்கேதான் வந்தது வினை. சமையலறைச் சுவரில் அந்தக் காலத்துப் பால்காரருக்காக விட்ட சின்னக் கதவு இருக்கிறதல்லவா, பால்காரர் வருவது நாங்கள் இந்த வீட்டை வாங்குமுன்பே நின்றுவிட்டது. ஆனால் புதன்தோறும் அதன் வழியாக உன் அண்ணி ஒலேனாவின் பெரோகிக் கொழுக்கட்டைத் தட்டு வெளியே போகும், பக்கத்து வீட்டு ஸ்டெஃபாவின் பீட்ரூட் சூப் ஜாடி உள்ளே வரும். விசிறி முழு வேகத்தில் சுற்றும்போது அவள் அந்தக் கதவைத் திறந்துவிட்டாள். விர்ரென்று ஒரு சத்தம். ஸ்டெஃபாவின் தலைத்துணி பறந்து உள்ளே வந்து எங்கள் பாத்திரத் தொட்டியில் விழுந்தது.

"என்னடி ஒலேனா, உன் வீடு என் முக்காட்டை உருவுது!"

"கத்தாம தட்டைப் பிடிடி. உள்ள காத்தை அளந்துக்கிட்டிருக்காங்க."

"காத்தை அளக்க ஆள் வேறயா? உன் புருஷனை அரைமணி பேச விட்டா அதுவே எவ்வளவுன்னு தெரிஞ்சிடுமே!"

இதெல்லாம் தெரியாத மரிசெல் வாசலில் நின்று மீட்டரைப் பார்த்து முகம் வெளிறிப் போனார். "சார், இது வீடா களஞ்சியமா? உங்களுக்கு சர்ச் மண்டபத்துக்கு வைக்கிற ஃபர்னஸ்தான் சரிப்படும்" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இந்த ஊரில் யாரிடம் பெரிய ஃபர்னஸ் இருக்கிறது என்பதுதானே காபிக்கடைப் பேச்சு. அப்புறம் அவர் சமையலறைக்கு வந்து, பாதி உடம்பைச் சுவருக்குள் விட்டபடி வம்பளந்துகொண்டிருந்த உன் அண்ணியைக் கண்டுபிடித்தார். கதவைச் சாத்தி மறுபடி அளந்ததில் கணக்குப் பாதியாகிவிட்டது. சின்னதே போதுமாம். பெரிதாக வாங்கினால் சட்டென்று சூடாக்கி, சட்டென்று அணைந்து, திரும்பத் திரும்ப எழுந்து கேஸைத்தான் வீணாக்குமாம். என் பெருமை அத்தோடு போயிற்று. அந்தச் சின்னக் கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிடலாம் என்று மரிசெல் சொல்ல, "அடைக்கிறதா இருந்தா என்னையும் உள்ள வச்சு அடைச்சிடுங்க" என்றாள் ஒலேனா. ரப்பர் பட்டை ஒட்டியதோடு விட்டுவிட்டார்.

கடைசியில் இரண்டு ஃபர்னஸ் தேறின. ஒன்று விலை குறைவு. எரிந்தால் முழுசாக எரியும், இல்லாவிட்டால் அணைந்து கிடக்கும். இன்னொன்று விலை கூட. சின்னச் சுடராக நாள் முழுக்க எரியும், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு சூடு வீட்டிலேயே தங்கும். எதை வாங்குவது என்று கேட்டதற்கு மரிசெல் ஒரு படிவத்தை நீட்டினார். அதில் ஒரு கேள்வி: 'இந்த வீட்டில் இன்னும் எத்தனை குளிர்காலம் வசிக்க உத்தேசம்?'

"கொஞ்ச நாள்தான்னா மலிவானதே போதும் சார். ரொம்ப நாள் இருப்பீங்கன்னா நல்லதை வாங்குங்க. மிச்சமாகிற கேஸ்லயே போட்டது திரும்பி வந்திடும்."

எழுபத்தேழு வயதுக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? படிவத்தை எடுத்துக்கொண்டு நிலவறைக்குப் போய்க் கிழட்டு ஃபர்னஸ் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கண் சொருகிவிட்டது. அந்தச் சின்னச் சுடர் தெரிந்தது, நீலமாக, பேசாமல். வீடு மெல்லத் தரையை விட்டு எழும்பிப் பனிவெளி மேல் மிதக்க ஆரம்பித்தது. கோதுமை வயல்களெல்லாம் வெள்ளையாகக் கீழே போய்க்கொண்டிருந்தன. மாடியில் ஒலேனா தனியாக உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். நான் எங்கே இருக்கிறேன் என்று வீடு முழுக்கத் தேடினேன். எந்த அறையிலும் நான் இல்லை.

விழித்ததும் பென்சிலால் '1' என்று எழுதினேன். காரணத்தை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். ஜனவரியில் ஃபர்னஸ் படுத்த அன்று வெளியே மைனஸ் முப்பத்தெட்டு. அடுப்பின் ஓவன் கதவைத் திறந்து வைத்துவிட்டு, கோட்டோடு சமையலறையில் முடங்கிக் கிடந்தோம். அவள் உதடு நீலம் பூத்துப் போயிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது, தம்பி. நான் போன பிறகு ஒரு நாள் இதே போல ஆனால் அவள் தனியாக என்ன செய்வாள்? ஆகவே மலிவான ஃபர்னஸை வாங்குகிறேன், இந்த ஒரு குளிரைத் தள்ளுகிறேன், மே மாதம் அங்கே வந்துவிடுகிறோம். நீ கேட்ட ஒரு வரி இதுதான்: வருகிறோம். அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை, பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

உன் பூக்கள் ஒன்றுக்குப் பத்தாகட்டும். உன் முழங்கால்கள் இரண்டும் நன்றாக இருக்கட்டும். கடவுள் உன்னைக் காப்பாராக.

அன்பு அண்ணன்,
நெஸ்டர் வோலோஷின்

பி.கு.: தபால்தலை தேடி மாடிக்குப் போய்வருவதற்குள் உன் அண்ணி கடிதத்தையும் படித்துவிட்டாள், படிவத்தையும் பார்த்துவிட்டாள். '1' பக்கத்தில் பேனாவால் ஒரு எட்டைப் போட்டுப் பதினெட்டாக்கி, விலை கூடிய ஃபர்னஸுக்கு ஃபோனிலேயே ஆர்டரும் கொடுத்துவிட்டாள். வியாழக்கிழமை மாட்ட வருகிறார்கள். "பதினெட்டா? நமக்கு என்ன வயசுன்னு தெரியுமா?" என்று கேட்டேன். "அன்னிக்கு உன் உதடும்தான் நீலமாச்சுய்யா. சொன்னா பயந்துடுவேன்னு நான்தான் வாயைத் திறக்கலை. நான் போயிட்டா நீ என்ன பண்ணுவேன்னு ஜனவரியிலேருந்து எனக்குத் தூக்கமே இல்லை. அதான் நாள் முழுக்க அணையாம எரியறதா பாத்து வாங்கினேன்" என்றாள். ஃபிளாட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடு, தம்பி.