தோத்தாத்ரி போட்ட பூட்டு

“நானே பண்ணிடறேன் மேடம்” என்று சொன்ன பிறகுதான், என்ன பண்ண வேண்டும் என்று தோத்தாத்ரி யோசித்தார். முதலில் யோசிக்க நேரமில்லை. வீடியோ கூட்டத்தில் ஷ்யாம்சுந்தர் வாயைத் திறக்கப் போனான். அவர் முந்திக்கொண்டார்.

விஷயம் இதுதான். மறைமலை நகர் தொழிற்சாலையில் தோத்தாத்ரியின் பொறுப்பில் இருந்த சர்வர், யார் எப்போது எந்தக் கோப்பைத் திறந்தார்கள் என்பதைத் தானே எழுதி வைத்துக்கொள்ளும். அந்த லாக் பதிவுகள் அஞ்சலட்டை மாதிரி திறந்தபடியே தாம்பரத்துக்குப் போகும். அங்கே ஷ்யாம்சுந்தர் தன் கணினியில் வாங்கிச் சீர்படுத்தி, தலைமை அலுவலக சர்வரில் சேர்ப்பான். வெள்ளிக்கிழமை தணிக்கை. வழியில் யாரும் படிக்க முடியாதபடி பதிவுகளைக் குறியாக்கம் செய்து அனுப்ப வேண்டும் என்றார் மேலாளர் ஹில்டா. பிரிவுத் தலைவர் நாற்காலி ஆறு மாதமாகக் காலி. இதைச் செய்பவருக்கே அது என்று ஹில்டா சொல்லவில்லை. ஆனால் தோத்தாத்ரியின் காதில் அப்படித்தான் விழுந்தது.

அவருக்குப் பத்தொன்பது வருஷ சர்வீஸ். ஷ்யாம்சுந்தருக்கு மூன்று. ஆனாலும் அவனுக்கு ஏசிக்கு நேர் கீழே இடம். ஹில்டா வாயைத் திறந்தால் ‘ஷ்யாம்’தான். ஆயுத பூஜைக்குத் தாம்பரம் ஆபீஸுக்கு வந்த அவர் மகள் விஷ்ணுப்ரியாகூட, “அந்த ஷ்யாம் ரொம்ப டீசன்ட்பா” என்றாள். தோத்தாத்ரிக்கு வயிறு எரிந்தது. எரியும்போதெல்லாம், எங்காவது ஓர் ஓட்டை கிடைக்காதா என்று ஊழியர் விவரங்களில் அவன் பக்கத்தைத் திறந்து பார்ப்பார். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது எரியும். பிறந்த தேதி, சொந்த ஊர், முடிச்சூர் முகவரி, ரத்த வகை எல்லாம் மனப்பாடம். விஷ்ணுப்ரியாவுக்காக மனைவி ஸ்ரீவித்யா வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஜாதகங்களில் ஒன்றைக்கூட அவர் திறந்ததில்லை.

முதல் வேலையாக, நடுவில் இருந்த ஷ்யாம்சுந்தரின் கணினியை வெட்டிவிட்டார். இனி அவன் கை படாமல் பதிவுகள் நேராக ஹில்டாவின் சர்வருக்கே போகும். குறியாக்கத்துக்கான சான்றிதழ் ஒன்றை உருவாக்கி அனுப்பினார். ‘சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்றது தாம்பரம்.

இன்னொன்று உருவாக்கினார். அதே பதில். முந்தையதை அழித்து அழித்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றாக ஏழு சான்றிதழ்கள் போட்டும் தாம்பரம் மசியவில்லை. பழைய வழியை அடைத்தாயிற்று, புதிய வழி திறக்கவில்லை. பதிவுகள் தேங்கி சர்வர் நிரம்பியது. வாசலில் அதோடு இணைத்திருந்த கைரேகை வருகைக் கருவி உறைந்துபோனது. அடுத்த ஷிப்ட் ஆட்கள் இருநூறு பேர் ஆளுக்கொரு விரலை நீட்டியபடி வெயிலில் நின்றார்கள்.

ஷ்யாம்சுந்தர் போன் செய்தான்.

“சார், உங்க சர்வர் கடிகாரத்தைக் கொஞ்சம்...”

“என் கடிகாரத்தைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?” என்று வைத்துவிட்டார்.

ரயிலைத் தவறவிடக் கூடாது என்று வீட்டுக் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளி வைப்பவர் அவர். அதே பழக்கத்தில் சர்வர் கடிகாரத்தையும் தள்ளி வைத்திருந்தார். அதனால் அவர் போட்ட ஒவ்வொரு சான்றிதழும் பத்து நிமிஷம் கழித்துத்தான் தாம்பரத்தில் செல்லும். பத்து நிமிஷம் சும்மா இருக்கத்தான் அவரால் முடியவில்லை.

பதிவைத் தொலைத்துவிட்டார் என்று அந்தப் பயல் போட்டுக்கொடுப்பானே என்ற பயம் வேறு. மூன்று மாதப் பழைய பதிவுகளையும் ஒரு வரி விடாமல் சேர்த்து அனுப்பும்படி கட்டளை கொடுத்தார். எட்டாவது சான்றிதழையும் போட்டுவிட்டு, வெறுத்துப்போய் டிபன் டப்பாவைத் திறந்தார். புளியோதரை முடிந்து கை கழுவி வந்தபோது எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. பெருமாளே பார்த்துச் செய்தார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை, பாராட்டை நேரில் வாங்கிக்கொள்ள இஸ்திரி போட்ட சட்டையில் தாம்பரம் போய் இறங்கினார். அச்சு இயந்திரம் மூச்சுவிடாமல் தாள் தள்ளிக்கொண்டிருந்தது. அலுவலக உதவியாளர் சிட்டிபாபு இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டிருந்தார்.

“தணிக்கைக்கு எப்பவும் ரெண்டு பக்கந்தான் சார் வரும். இன்னிக்கு வந்துகினே கீது. எல்லாம் ஒரே வரி.”

தோத்தாத்ரி ஒரு தாளை வாங்கினார். ‘ஷ்யாம்சுந்தர் விவரப் பக்கம். திறந்தவர்: தோத்தாத்ரி.’ அதற்குக் கீழேயும் அதுவே. அடுத்த தாளிலும் அதுவே. மூட்டையைப் பூட்டுவதில் இருந்த கவனத்தில், மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவேயில்லை.

கண்ணாடிக்கு அப்பால் ஹில்டா ஒரு கட்டுத் தாளுடன் உட்கார்ந்திருந்தார். எதிரே ஷ்யாம்சுந்தர் தலை குனிந்து நின்றான். நாற்காலி போயிற்று, வேலையும் போகும். பத்தொன்பது வருஷ மானம் இப்படித் தாள் தாளாக வெளியே வருகிறதே என்று அவருக்கு அழுகை முட்டியது.

“மேடம் என்ன சொன்னாங்க?” என்று ஈனக் குரலில் கேட்டார்.

“மொதல்ல செம காண்டாயிட்டாங்க. இத்தினி நாளா அந்த வரிங்கள அழிச்சிகினு இருந்ததே தான்தான்னு ஷ்யாம் சார் ஒத்துகினாரு. பொண்ணு பேரு ஆபீஸ்ல அடிபடக் கூடாதுன்னுதான் எடுத்தாராம்.”

“எந்தப் பொண்ணு?”

சிட்டிபாபு தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே சொன்னார்: “இன்னா சார், தெரியாத மாதிரி கேக்குறீங்க. மூணு மாசமா மாப்ளய இப்டி அலசி ஆராயுற மாமனாரு யாருக்குக் கெடைப்பாருன்னு அவங்க அப்பா அம்மாவே உருகிட்டாங்களாம், ஞாயித்துக்கெயம செம்பாக்கத்துல உங்க வூட்டுக்குப் பொண்ணு பாக்க வராங்க.”