கூட்ஸ் பெட்டியின் கொக்கி

பிரசாத் என்ற பெயரைக் கஸ்தூரி முதன்முதலில் கேட்டது ஆரணியில் ஒரு கல்யாணப் பந்தியில், பெரியம்மா மகள் பாஞ்சாலையின் வாயால். பாஞ்சாலைக்கு அவர் கொழுந்தனார் முறை. பையன் குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான், உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே மாட்டான் என்றாள். உட்கார்ந்து என்ன செய்வான் என்று யாராவது கேட்டார்களா? இல்லை. கேட்காமலே கஸ்தூரியைக் கட்டிவைத்தார்கள். தகடு மடிப்பவர்கள் இப்படித்தான் குடும்பங்களுக்குள் நுழைந்துவிடுகிறார்கள்.

இந்த ஜாதி மனிதரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தபாலில் அவருக்கு அப்பளம் போல ஒரு பித்தளைத் தகடு வரும். கூட்ஸ் பெட்டியின் சுவர், கதவு, கொக்கி எல்லாம் அதில் அமிலத்தால் அரித்து வரைந்திருக்கும். வெட்டி, அரத்தால் ராவி, மடிப்புக் கோடு உள்பக்கம் வரும்படி மடித்து, ஈயம் வைத்துப் பற்றவைத்தால், தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு ரயில் பெட்டி தயார். பௌர்ணமிக்கு ஊரே மலையைச் சுற்றும். இவர் மேசை விளக்கில் ஈசலோடு ஈசலாக மொய்த்திருப்பார். சோறு ஆறும், கேஸ்காரர் மணியடித்து அலுத்துத் திரும்புவார், கூப்பிட்டால் பதில் ஒன்றுதான்: "இதோ, ஒரே ஒரு மடிப்பு." கோடு வெளிப்பக்கம் வரும்படி மடித்துத் தொலைத்தாரா? அன்றைக்கு வீட்டில் துக்கம். தாளிக்கிற சத்தம்கூடக் கேட்கக் கூடாது.

மகள் கீர்த்தனாவின் கல்யாணத்தை உறுதி செய்ய, கீழ்பென்னாத்தூரிலிருந்து பையனின் அப்பா சின்னசாமியும் அம்மா வேதாவும் வந்த நாளும் அப்படித்தான். கீர்த்தனாவுக்குப் பையன் மேல் உயிர். வேதாவுக்குத்தான் மனம் முழுதாக இறங்கவில்லை. அந்த அம்மாள் பட்டுப்புடவை சரசரக்க வாசற்படி தாண்டிய நேரம், பிரசாத்தின் இடுக்கியிலிருந்து எள்ளளவு கொக்கி ஒன்று தெறித்தது.

"யாரும் நகராதீங்க."

தூக்கிய காலோடு வேதா நின்றார். பிரசாத் குப்புற விழுந்து தரையில் ஊர்ந்தார்.

"இன்னாங்க தொலைஞ்சுது, மூக்குத்தியா?" என்றார் சின்னசாமி.

"கூட்ஸ் பெட்டிக் கொக்கிங்க."

"கூட்ஸ் பெட்டியா? அது ஸ்டேஷன்ல இல்ல நிக்கும்?"

வேதாவின் முகம் கறுத்தது. "வாங்கன்னு ஒரு வார்த்த இல்ல. கெளம்புங்க, போலாம்."

கதவோரம் கீர்த்தனா விசும்பினாள். கஸ்தூரி காபித் தட்டோடு ஓடிவந்தாள். அப்போது பிரசாத் தவழ்ந்தபடியே வேதாவின் முன்னால் வந்து இரண்டு கையையும் கூப்பினார். கண்ணில் நீர்.

"போகாதீங்க சம்பந்திம்மா. ஒரு அடிகூட எடுத்து வெக்காதீங்க."

வேதா உருகிவிட்டார். "பொண்ணு மேல எவ்ளோ பாசம் பாருங்க. எழுந்திருங்கண்ணா, எங்களுக்குச் சம்மதம்."

பிரசாத்தின் பார்வை, புடவைக் கொசுவத்துச் சரிகையில் மாட்டி மினுங்கிய கொக்கியை விட்டு அசையவில்லை. அதைக் கண்டது கஸ்தூரி ஒருத்திதான். தட்டு மாற்றி முடியும்வரை அவள் வாயைத் திறப்பாளா என்ன?

கடைசியில் கொக்கியை எடுத்துக் கொடுத்தவர் சின்னசாமி. நகநுனியில் வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்த எங்க மாட்டுவீங்க?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் பைக்கைத் துடைக்கவோ, கோலத்துக்குக் கலர் போடவோ உட்கார்ந்துவிட்டு, வாசலில் வந்து நின்ற சொந்தக்காரரைத் தலை நிமிராமலே "யாரு" என்று கேட்கும் பழக்கம் உங்களுக்கு உண்டா என்று முதலில் வீட்டில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பிரசாத் இப்போது கீழ்பென்னாத்தூரில், சம்பந்தி வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு கொக்கியைத் தேடிக்கொண்டிருக்கிறார். சின்னசாமியும் அங்கேதான்.